ஆளில்லாத் தீவுகளின் அஞ்சல் காவலர்

ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவையில் காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாருக்குப் பிறகு, இந்தத் தென்காசிச் சீமையில் பாடத் தகுந்த பாட்டுடைத் தலைவர் ஒருவர் வாய்க்கவில்லையே என்ற ஏக்கம் எழுத்துத் தொழிலில் கிடக்கும் எங்களுக்கு நெடுநாளாக உண்டு. ஜமீன் போயிற்று, பல்லக்கு போயிற்று, பரிசில் கொடுத்த கைகளும் போயின. ஆனாலும் மண் மலடாகிவிடவில்லை. மேற்கு மலையின் அடிவாரத்தில், கரும்பும் நெல்லும் விளையும் சிவகிரியில், ஒரு மச்சு வீட்டின் மாடியறையில், மர பீரோக்களுக்கு நடுவே மாமணி ஒன்று ஒளிவீசிக்கொண்டிருக்கிறது. அடக்கமே உருவான அந்தப் பெருந்தகையின் திருப்பெயரை அச்சிலேற்றி அவரை நாணச் செய்ய எனக்குத் துணிவில்லை. அண்ணலார் என்றே குறிக்கிறேன்.

அண்ணலார் தபால்தலை சேகரிக்கிறார். அது யாரும் செய்வதுதானே என்று அவசரப்பட்டு எண்ணிவிடக் கூடாது. அரசாங்கம் அச்சடித்து, தபாலாபீஸ் ஜன்னலில் விற்று, ஊரார் எச்சில் தொட்டு ஒட்டும் அற்பப் பொருளை அவர் ஏறெடுத்தும் பாரார். கடலுக்கு நடுவே கிடக்கும் தீவுகளுக்குப் படகும் கப்பலும் விட்ட தனியார் கம்பெனிகளும் தீவு முதலாளிகளும் தங்கள் பெயரில், தங்கள் விலையில் வெளியிட்ட உள்ளூர்த் தலைகளே அவருடைய கண்ணின் மணிகள். கடலைக் காண சிவகிரியிலிருந்து தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ போக வேண்டும். அண்ணலார் போவதில்லை. கடலெல்லாம் அவர் ஆல்பத்துக்குள் அடங்கிக் கிடக்கும்போது காலை ஏன் நனைக்க வேண்டும்?

இந்தக் குலத்துக்கு மூத்தவள் 'லேடி மெக்லியாட்'. 1847 ஏப்ரலில், டிரினிடாட் தீவில், போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கும் சான் பெர்னாண்டோவுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பலின் பெயர் அது. கப்பலுக்கு உடையவர் டேவிட் பிரைஸ். கடிதத்துக்குக் காசு வாங்கி மாளாமல் நீல நிறத்தில் கப்பல் படம் போட்டு ஒரு தலை அச்சடித்தார். ஒன்று 5 சென்ட். நூறாக வாங்கினால் 4 டாலர். தீவின் தெற்கே கரும்புத் தோட்டங்கள். வடக்கே துறைமுகமும் கடைகளும். சரக்கு விலையும் வட்டிக் கணக்கும் கல்யாணச் செய்தியும் அந்தக் கப்பலில் போய் வந்தன. 1845இல் ஃபாட்டல் ரசாக் கப்பல் நம் நாட்டுக் கூலியாட்களை முதன்முதலாக அந்தத் தீவில் இறக்கிவிட்டு இரண்டே வருஷம் ஆகியிருந்தது. யார் எழுதினார், யாருக்கு எழுதினார், எழுதத் தெரியாத கூலிக்கு ஊரிலிருந்து ஒரு சேதியாவது வந்ததா என்றெல்லாம் கேட்டு அண்ணலார் தம் சிந்தையை மாசுபடுத்திக்கொண்டதில்லை. அவர் கலங்குவதெல்லாம் ஒன்றுக்காகத்தான். பயன்படுத்திய தலை மறுபடி பயன்படாமலிருக்க அக்காலத்தில் பேனாவால் பெருக்கல் குறி போட்டார்கள்; அல்லது ஒரு மூலையைக் கிழித்தார்கள். அந்த மூலையைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தழுதழுக்கும். கடிதங்கள் போய்ச் சேரவேண்டும் என்ற அற்ப ஆசையால் எத்தனை அழகிய மூலைகளை அந்தத் தீவார் பலிகொடுத்துவிட்டார்கள்!

சூயஸ் கால்வாய்க் கம்பெனியின் தலைகள் அவரிடம் முழு வரிசையாக இருக்கின்றன. 1868 ஜூலையில் அந்தக் கம்பெனி கப்பல் படம் போட்ட நான்கு தலைகளை வெளியிட்டது: 1, 5, 20, 40 சென்டிம். ஆகஸ்டிலேயே அவற்றுக்கு முடிவு வந்துவிட்டது. அப்படிப்பட்ட பொருள் உலகில் எத்தனை எஞ்சியிருக்கும்! ஆனால் கருணையுள்ள போலித் தொழிலாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே களமிறங்கி, அசலைவிடப் பல மடங்கு போலிகளை அச்சடித்து ஏழை எளியவர்களும் கண்டு மகிழச் செய்தார்கள். அண்ணலாரிடமுள்ள நான்கும் கோடு சிதையாமல், மை மங்காமல், அப்போதுதான் மூக்கும் முழியுமாகப் பிறந்த பிள்ளைபோலப் பளபளக்கின்றன. அசல் தலைகளில் காணும் அச்சுக் குறைகளில் ஒன்றுகூட அவற்றில் இல்லை. கம்பெனிக்கே கைகூடாத நேர்த்தியைக் கைப்பற்றிய சேகரிப்பாளர் இந்தியாவில் வேறு யார்? கொடுத்த விலையை அவர் வாயால் சொல்லமாட்டார். அந்த வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கவில்லை என்பது மட்டும் தெருவுக்கே தெரியும்.

லண்டி தீவைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரிஸ்டல் கால்வாயில் கிடக்கும் அந்தச் சிறு தீவை 1925இல் மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன் விலைக்கு வாங்கினார். 1927 கடைசியில் பிரிட்டிஷ் தபால் இலாகா அங்கிருந்து மூட்டை கட்டியது. சில காலம் கடிதங்களைத் தாமே இலவசமாகக் கரைசேர்த்த ஹார்மன், 1929 நவம்பரில் பஃபின் பறவையின் படத்தோடு தலை வெளியிட்டார். நாணயமும் அந்தப் பறவைதான்: அரை பஃபின், ஒரு பஃபின். நாணயம் அடித்ததற்காகக் கோர்ட்டு 5 பவுண்டு அபராதம் போட்டது. தலைக்குத் தீங்கு வரவில்லை. உறையின் முதுகில் ஒட்டிக்கொள், முகத்தில் அரசர் தலை இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். லண்டித் தலை இன்றும் கப்பலேறிக் கடிதத்தோடு போகிறது. அதனால்தான் அண்ணலாருக்கு அதன்மேல் லேசான மனக்குறை. அஞ்சல் காசும் படகுக் கூலியுமாக, யாருக்கோ உழைத்துக்கொண்டிருக்கும் தலை அது. உழைக்கும் பொருளுக்கு அவர் ஆல்பத்தில் முன்பக்கம் கிடைக்காது.

முன்பக்கம் ஸ்டாஃபாவுக்கு. ஸ்காட்லாந்தின் மேற்கே, கருங்கல் தூண்கள் அடுக்கடுக்காக நிற்க, ஃபிங்கல் குகை வாய் பிளந்திருக்கும் தீவு. பார்க்கப் படகில் வருவார்கள், பார்த்துவிட்டுப் போவார்கள். குடியிருப்போர் யாரும் கிடையாது. கடிதம் எழுத ஆளில்லை, வாங்க ஆளில்லை, கொண்டுவரத் தபால்காரர் இல்லை, போட ஒரு பெட்டி இல்லை. அந்தத் தீவின் பெயரில்தான் வரிசை வரிசையாகத் தபால்தலைகள் வெளிவந்தன. பறவை, விமானம், கப்பல், அரச குடும்பம், தீவில் ஒருநாளும் கால் வைக்காத விலங்குகள், போதாததற்குப் பொன்தாளில் பொறித்த தலைகள்! ஆர்க்னியில் ஐன்ஹாலோ என்று இன்னொரு தீவு. 1851இல் காய்ச்சல் பரவிக் குடிகள் வெளியேறிய பின் அங்கே அடுப்பு எரிந்ததில்லை. அதற்கும் தலை உண்டு. குடிமக்கள் இருந்த நாளில் இல்லாத தபால் வசதி, அவர்கள் போய் ஒரு நூற்றாண்டுக்குப் பின் வாய்த்தது என்றால் அந்த மண் செய்த தவத்தை என்னென்பது!

முத்திரை குத்தும் வேலையையும் அச்சகமே முடித்துத் தந்துவிடும். தாள் தாளாக, நான்கு தலைகள் கூடும் மூலையில் வளைவாக ஒரு கறுப்பு அடையாளம். பின்னால் திருப்பினால் பசை அப்படியே இருக்கும். ஒட்டப்படாமலே பயணம் செய்து, பிரியாமலே வந்து சேர்ந்த தலைகள்! நம் வேதாந்திகள் குணமும் உருவமும் கடந்த பரம்பொருளைப் பல நூற்றாண்டு தேடினார்கள். கடிதமும் முகவரியும் கடந்த தபாலை அண்ணலார் தவணை முறையில் கண்டுகொண்டார். ஆலையிலிருந்து கரும்புப் பணம் கைக்கு வந்த மறுநாளே ஸ்டாஃபாவின் பொன்தாள் வரிசைக்கு முன்பணம் போய்விடும். உலகத் தலைகளை வரிசைப்படுத்தும் ஸ்டான்லி கிப்பன்ஸ் பட்டியல் இவற்றைத் தன் பக்கங்களில் சேர்ப்பதில்லையே என்று ஒரு பொறாமைக்காரர் கேட்டார். எந்தப் பட்டியலுக்குள்ளும் அடங்காத பெருமை இவற்றுக்கு என்று அண்ணலார் விடையிறுத்தார். கேட்டவர் வாயடைத்துப் போனார்.

ஆடிச் சாரலில் அவர் படும் பாட்டை நேரில் கண்டவர்கள் கண்ணீர் விடுவார்கள். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்து ஊரே குளிக்கப் போகும் அந்த நாட்களில் காற்றில் ஈரம் ஏறும். நாவு படாத பசை இளகும். தலை ஆல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். அண்ணலார் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணி திணித்து, மருந்து டப்பாக்களில் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலங்களை பீரோ தட்டுகளில் பரப்பி, இடுக்கியால் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காற்றாடவிட்டுக் காவலிருப்பார். ஒருவரும் எதன்மீதும் ஒட்டப்போவதில்லை என்று உறுதியான பசைக்காக ஒரு மனிதர் உறக்கத்தைத் துறப்பது துறவிகளிடத்தும் அரிது.

செங்கோட்டை பற்றி அவரிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். சிவகிரியிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய்த் திரும்பக்கூடிய ஊர். 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்ச் சீமை. தென்காசியில் இந்தியத் தபால், கூப்பிடு தூரத்தில் செங்கோட்டையில் மகாராஜாவின் அஞ்சல். 1888இல் திருவிதாங்கூர் தன் தலைகளைச் சங்கு முத்திரையோடு வெளியிட்டது: 1, 2, 4 சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அந்தச் சங்குத் தலைக்குத் திருவிதாங்கூர் எல்லை தாண்டி மதிப்பில்லை. தென்காசியிலிருக்கும் அக்காளுக்கு எழுதச் செங்கோட்டைத் தங்கை வேறு தலை தேடவேண்டும். மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர் ஓடி வந்தால் பாதையில் போவோர் விலகி வழிவிடவேண்டும். 1951இல் இந்தியத் தபாலோடு கலக்கும்வரை அந்த அஞ்சல் நடந்தது. உள்ளூர்த் தலை என்றால் இதைவிட உள்ளூர் எது என்று நான் அறியாமையால் கேட்டுவிட்டேன். அண்ணலார் என்னைப் பரிவோடு பார்த்தார்.

"செங்கோட்டைல கடல் இருக்கா?"

இல்லை என்றேன்.

"அப்ப கப்பல் ஏது?"

வாதம் முடிந்தது. அந்த நுட்பத்துக்கு எதிரே வாய்திறக்க எந்தப் பண்டிதருக்கும் இயலாது.

கடலும் கப்பலும் கம்பெனியுமாக ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்தார். ஒட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம். பங்கு 25 ரூபாயாக 40,000 பங்கு. காலியா, லாவோ என்று கப்பல்கள் வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிரில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு கட்டணமே வேண்டாம் என்றது. ஏறினால் குடையும் இலவசம் என்றது. பிள்ளையவர்கள் 1908இல் சிறைக்குப் போனார், கோவைச் சிறையில் செக்கிழுத்தார், கம்பெனி 1911இல் கலைந்தது, கப்பல் வெள்ளையரிடமே விலைக்குப் போயிற்று. இந்த வரலாறு முழுவதையும் அண்ணலார் ஒரே ஒரு குறையோடு மன்னித்துவிட்டார். கப்பல் வாங்கத் தெரிந்த மனிதருக்கு ஒரு தபால்தலை அச்சடிக்கத் தோன்றவில்லையே! நாலு கலரில் ஒரு வரிசை போட்டிருந்தால் இன்று லண்டிக்குப் பக்கத்திலாவது இடம் கொடுத்திருக்கலாம் என்று அவர் பெருமூச்சு விட்டதை நான் கேட்டேன். 1972இல் இந்தியத் தபால்துறை பிள்ளையவர்களின் படம் போட்டு வெளியிட்ட தலை ஒன்று அவரிடம் இருக்கிறது. ஆல்பத்தில் இல்லை, மின்சார ரசீதுகளோடு சேர்த்து ஆணியில் குத்தியிருக்கிறார். அரசாங்கத் தலைகளுக்கு அவர் அளிக்கும் உச்ச மரியாதை அது.

அண்ணலாரின் வித்தையைக் கண்ணாரக் காண வேண்டுமானால் பேசின் நாளில் போக வேண்டும். தீவுத் தலைகளை வாங்கப் பணம் வேண்டுமே. அதற்காக ஊரார் பரண்களில் கிடக்கும் பழைய கடிதங்களைக் கட்டுக் கட்டாக வாங்கி, தலைகளைப் பிரித்து, மொத்தமாக நூறு நூறாகக் கட்டி வெளியூருக்கு விற்கிறார். வாசல் திண்ணையில் நீலப் பிளாஸ்டிக் பேசின், இளஞ்சூட்டில் தண்ணீர், பக்கத்தில் பழைய தினசரித் தாள் விரிப்பு.

நான் போயிருந்த அன்று ஒரு ஆச்சி சேலைத் துணியில் முடிந்த கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். இலங்கையிலிருந்து வந்தவை. அந்தக் காலத்தில் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, போட் மெயிலில் வந்த கடிதங்கள். அந்தத் துறையும் தபாலாபீசும் 1964 டிசம்பர்ப் புயலில் கடலோடு போய்விட்டன. உறை வாங்கக் காசில்லாமல், எழுதிய தாளையே மடித்து ஒட்டி, மேலே முகவரி எழுதி, கொழும்புத் துறைமுகம் அச்சான ஜார்ஜ் மன்னர் தலையை ஒட்டியிருந்தார்கள். தீவு, கப்பல், கடிதம் மூன்றும் ஒரே தாளில்! அண்ணலார் தலையின் ஓரத்துத் துளைப் பற்களை மட்டும் எண்ணிப் பார்த்தார்.

"அய்யா, அதுல எங்க அப்பா கையெழுத்து கெடக்கு. பாத்துப் பிரிங்க" என்றார் ஆச்சி.

"ஆச்சி, எழுத்துக்கு வெல கெடையாது. தலைக்குத்தான் வெல. ஒண்ணும் ஆவாது, இருங்க."

ஒன்றும் ஆகவில்லை. கத்தரித்தால் தலையின் பல் சேதப்படும் என்று கடிதத்தை முழுசாகவே பேசினுக்குள் இறக்கினார். காப்பியிங் பென்சிலால் எழுதிய கடிதம் அது. உலர்ந்திருக்கும்போது சாம்பலாகத் தெரியும் அந்த எழுத்து, தண்ணீர் பட்டதும் ஊதாவாக மலரும். மலர்ந்தது. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை பேர் வேலைக்கு நிற்கிறார்கள், அரிசிக் கணக்கில் கங்காணி எவ்வளவு பிடித்தார், மணியார்டர் எந்தத் தேதிக்கு வரும், பிறந்திருக்கும் பெண்பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கவேண்டும் என்ற வரிகளெல்லாம் ஒரு கணம் புதிதாய் எழுதியதுபோல எழுந்து நின்றன. ஆச்சி குனிந்து தம் பெயரைத் தேடுவதற்குள் அவை ஒன்றோடொன்று கலந்து தண்ணீர் கத்தரிப்பூ நிறமாயிற்று. தலை தானாக மிதந்து மேலே வந்தது. அண்ணலார் இடுக்கியால் எடுத்து, முகம் கீழாகத் தினசரியில் கிடத்தினார். தபால் முத்திரையின் பாதி தலையோடு வந்துவிட்டது. ஊர்ப்பெயரும் தேதியின் மீதியும் தாளோடு நின்றுவிட்டன. இனி அது எந்த ஊரில் என்றைக்குப் போட்ட கடிதம் என்று எந்த ஆராய்ச்சியாளரும் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. முழுக் கடிதமாக, முத்திரையோடு வைத்திருந்தால் தபால் வரலாறு படிப்பவர்கள் தலையைவிடப் பன்மடங்கு விலை கொடுத்திருப்பார்கள் என்று ஒரு மூடர் சொல்லக்கூடும். அண்ணலார் இலாபத்தை நாடி இந்தத் தொண்டில் இறங்கியவர் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நனைந்த தாள்களைப் பிழிந்து உருண்டையாக்கி ஓரமாக வைத்தார். பழைய பேப்பர்காரர் ஈரத்தாளை எடுப்பதில்லை என்பதால் அவை குப்பைக்குப் போயின. ஆச்சி கொஞ்ச நேரம் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், எட்டாவது படிக்கிறான், சேகரிப்பில் ஆர்வம் உள்ள பிள்ளை, மாடியிலிருந்து ஸ்டாஃபா ஆல்பத்தைத் தூக்கி வந்து கேட்டான்:

"மாமா, இந்தத் தங்க ஸ்டாம்ப ஒட்டி யாரு யாருக்கு லெட்டர் போட்டா?"

"எலேய், லெட்டரா? இதப் போயி அதுல ஒட்டுவாங்களா? கைய எடுல மொதல்ல."

பிள்ளை கையை எடுத்தான். அன்று அவன் பெற்ற கல்வியை எந்தப் பள்ளிக்கூடமும் அவனுக்கு அளித்திருக்காது. ஆச்சிக்குத் தலைகளுக்குரிய பணம் அந்த இடத்திலேயே எண்ணிக் கொடுக்கப்பட்டது. கடனென்று சொல்லி இழுத்தடிக்கும் பழக்கம் அண்ணலாரிடம் இல்லை. அந்தத் தலைகளை விற்ற பணத்தோடு இன்னும் சில கட்டுகளின் பணமும் சேர்ந்தால் பொன்தாள் வரிசையில் விட்டுப்போன ஒரு கழுகு வந்து சேரும்.

ஆகவே சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வட்டாரத்துப் பெருமக்களுக்கு அண்ணலாரின் சார்பில் ஒரு விண்ணப்பம். ரங்கூன் கடிதம், கொழும்புக் கடிதம், மலேயா கடிதம், பட்டாளத்துக் கடிதம், சங்குத் தலை ஒட்டிய அஞ்சல் என்று எதுவாயினும் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவரலாம். படித்துவிட்டுத்தான் தருவேன் என்று நிற்பவர்கள் வீட்டிலேயே படித்துவிட்டு வரவேண்டும். திண்ணையில் இடம் குறைவு. தாளைத் திருப்பிக் கேட்காதவர்களுக்கு முன்னுரிமை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன்னால் வந்துவிட்டால் தண்ணீர் தெளிவாக இருக்கும்.